பார்ட்டுல இல்லாத கோடு

நான் சிஎன்சி ப்ரோக்ராமரு, அதாவது கம்ப்யூட்டர்ல ஓடுற வெட்டு மிஷினுக்கு எப்படி வெட்டணும்னு எழுதிக் குடுக்கிற ஆளு. போன வாரம் புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் என் பின்னாடி நின்னு ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டு இருந்தான். கஸ்டமர் அனுப்புன சாலிட் மாடல் திறந்து கிடக்கு, பாக்கெட்டு (வெட்டி எடுக்கிற பள்ளம்), ஓட்டை, ஸ்லாட்டு (நீளக் குழி) எல்லாம் கலர் கலரா தெரியுது, நான் அதுக்கு மேல ஒவ்வொரு கோடா போட்டுக்கிட்டு இருக்கேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துட்டு கேட்டுட்டான். "அண்ணே, எல்லாந்தான் மாடல்லயே இருக்கே, எட்ஜை கிளிக் பண்ணா செயின் ஆயிடும் லா, எதுக்கு திரும்ப வரையுறீங்க?"

நல்ல கேள்வி. செயின்னா கட்டர் போற வழிக்கு ஓரங்களைக் கோத்து எடுக்கிறது. பினாங்குல எந்த மிஷின் ஷாப்புக்குப் போனாலும், பாயான் லெப்பாஸ் பக்கமா இருந்தாலும் சரி, எங்க புக்கிட் மிஞாக் பக்கமா இருந்தாலும் சரி, ப்ரோக்ராமருங்க ரெண்டு கட்சியாத்தான் இருப்பாங்க. சாலிட்ல நேரா டூல்பாத், அதாவது கட்டர் போற வழி, போடுறவங்க ஒரு பக்கம், வயர்ஃப்ரேம் வரைஞ்சுதான் போடுவேன்னு நிக்கிறவங்க இன்னொரு பக்கம். அன்னைக்கு மிஷின் காத்துக்கிட்டு இருந்ததால தம்பிக்கு அரைகுறையாத்தான் பதில் சொன்னேன், முழுசா சொல்லணும்னு தோணிக்கிட்டே இருந்துச்சு, அதான் இங்க எழுதுறேன்.

இந்தத் தொழில்ல இல்லாதவங்களுக்கு ஒரு வார்த்தை. தைப்பூசத்துக்கு ஒரு மாசம் முன்னாடி காவடி கட்டுற இடத்துக்குப் போயிருக்கீங்களா? அலங்காரம் ஏறுறதுக்கு முன்னாடி வெறும் கம்பிக்கூடா நிக்கும்ல, அது வயர்ஃப்ரேம். ஓரங்களோட கோடு மட்டும் இருக்கும், உள்ள என்ன, வெளிய என்ன, எங்க கெட்டி, எங்க ஓட்டைனு அதுக்குத் தெரியாது. சாலிட் மாடல்னா அந்த எடத்துல இரும்பு இருக்கா இல்லையானு ஒவ்வொரு புள்ளிக்கும் பதில் வச்சிருக்கும், வால்யூம் கேட்டா சொல்லும், வெயிட் கேட்டா சொல்லும், நடுவுல வெட்டிக் காட்டுன்னா காட்டும். ஒரு பெட்டிக்குள்ள சின்னப் பெட்டி மாதிரி பன்னெண்டு பன்னெண்டு கோடு போட்டு மூலைக்கு மூலை சேர்த்து வச்சா, அதுல ஓட்டை எந்தப் பக்கமா துளைச்சுக்கிட்டுப் போகுதுன்னு மூணு விதமா படிக்கலாம், மூணும் சரியாத்தான் இருக்கும். இந்தக் குழப்பம் சாலிட்ல கிடையாது. அப்படின்னா சாலிட்தானே மேல்னு தோணும். பார்ட் என்னன்னு புரிஞ்சுக்கிறதுக்கு மேல்தான், அதுல எனக்கு வாக்குவாதமே இல்ல.

எனக்குத் தொழில் கத்துக்குடுத்த அண்ணன் சுத்தமான வயர்ஃப்ரேம் ஆளு. அவரு தொண்ணூறுகள்ல தீவுல ஒரு சின்ன ஷாப்புல ஆரம்பிச்சவரு. 1972ல பாயான் லெப்பாஸ்ல ஃப்ரீ ட்ரேட் சோன் திறந்து இண்டெல், ஏஎம்டி, எச்பின்னு வந்தாங்க இல்லையா, அந்தப் பெரிய ஃபேக்டரிகளுக்கு வேலையைப் பிடிச்சு வைக்கிற ஜிக்கு, ஃபிக்ஸ்சரு, அப்புறம் டெஸ்ட் பிளேட்டுனு பண்ணிக் குடுத்துத்தான் இங்க சின்னச் சின்ன ஷாப்பெல்லாம் வளர்ந்துச்சு. அப்ப டிராயிங் ஃபேக்ஸ்ல வரும், சில நேரம் மூணா அஞ்சான்னு எழுத்தே தெரியாது, போன் போட்டு கேட்டுக்கிட்டு கோடு கோடா வரையணும். 1983லயே டூல்பாத் போடுற சாப்ட்வேர் பண்ற மாஸ்டர்கேம் கம்பெனி ஆரம்பிச்சுட்டாங்க, ஆனா அந்தக் காலத்து கம்ப்யூட்டர்ல ஒரு சாலிட்டைத் திருப்பிப் பார்க்கிறதே பெரிய வேலை. மிஷின் பக்கம் இன்னும் மோசம். மிஷினை ஓட்டுற ஃபானுக் கன்ட்ரோலர்ல மெமரியை மீட்டர் கணக்குல சொல்லுவாங்க, ஏன்னா அது ப்ரோக்ராமை ஓட்டையா குத்தி வச்ச பேப்பர் டேப்போட நீளம். 80 மீட்டர்னா கிட்டத்தட்ட 32 கிலோபைட், அவ்வளவுதான் மொத்த இடம். அதுல வட்டத்தை ஒரே வரில ஜி2ன்னு (வளைவு) எழுதுறதும் அதையே நானூறு குட்டி ஜி1 (நேர்கோடு) வரியா எழுதுறதும் ஒண்ணா என்ன? அதனால அந்தத் தலைமுறைக்கு நல்ல ப்ரோக்ராம்னா சுருக்கமான ப்ரோக்ராம், சுத்தமான ஆர்க், சுத்தமான லைன். சாலிட்டை நம்பாம இருந்தது பிடிவாதத்தால இல்ல, அவங்க கையில இருந்த மிஷின் அப்படி.

அவரு வாய்ல எப்பவும் ஒண்ணு வரும், "கோடு போடாதவன் டிராயிங் படிக்கலன்னு அர்த்தம்." கோடு போடணும்னா அளவு பார்க்கணும், அளவு பார்த்தா டாலரன்ஸ், அதாவது எவ்வளவு கூடலாம் குறையலாம்னு, கண்ணுல படும், டாலரன்ஸ் பட்டா எந்த டூல்னு யோசனை ஓடும். சாலிட்ல கிளிக் பண்ணிட்டுப் போறவன் டிராயிங்கைத் திறக்காமலேயே ப்ரோக்ராமை முடிச்சிடலாம். அந்த ஆபத்து எனக்கு நேராவே நடந்துச்சு.

இப்ப இருக்கிற எடத்துல இல்ல, முன்னாடி வேலை பார்த்த எடத்துல. 6061 அலுமினியத்துல ஒரு ஃபிக்ஸ்சர் பிளேட், மொத்தம் 24 பீஸ். ஒவ்வொண்ணுலயும் 18 எம்6 டேப் ஹோல் (6 மில்லி ஸ்க்ரூவுக்கு மரை போடுற ஓட்டை), கூடவே நாலு டவல் பின் ஓட்டை (இடம் பிடிக்கிற பின் உட்காருற ஓட்டை), 6 எச்7, அதாவது 6 மில்லி துல்லிய அளவு. கஸ்டமர் ஸ்டெப் ஃபைல் (சாலிட்டை ஒரு சாப்ட்வேர்ல இருந்து இன்னொண்ணுக்கு அனுப்புற ஃபைல்) அனுப்பியிருந்தாங்க. அவங்க டிசைனர் டேப் ஹோலையும் வெளி விட்டத்துலயே, அதாவது 6.000ன்னு மாடல் பண்ணியிருக்காரு. டவல் ஓட்டையும் 6.000. ரெண்டும் மாடல்ல ஒரே சிலிண்டர்தான், மரையெல்லாம் அதுல இல்ல, டிராயிங்லதான் இருந்துச்சு. நான் ஓட்டைங்களைத் தானா கண்டுபிடிக்கிற ஹோல் ரெகக்னிஷன் போட்டேன், சாப்ட்வேர் 22 ஓட்டையையும் ஒரே குரூப்பா சேர்த்துச்சு, எல்லாத்துக்கும் 5.8 ட்ரில், அப்புறம் ஓட்டையைத் துல்லியமா வழவழப்பாக்குற 6 எச்7 ரீமர். நானும் சரின்னு போஸ்ட் பண்ணி, மிஷின் படிக்கிற வரியா மாத்திட்டேன். டேப்பிங் அந்த ஷாப்புல தனி பெஞ்சுல நடக்கும், அதனால முதல் பீஸை சோதிக்கிற கியூசிலயும் மரையைச் செக் பண்ணல, ஓட்டை பொசிஷன் மட்டும் பார்த்து பாஸ் ஆயிடுச்சு. ஒன்பது பிளேட் முடிஞ்சப்புறம் டேப்பிங் பெஞ்சுல இருந்த அக்கா கூப்பிட்டாங்க. மரை போடுற டேப்பை விட்டா எங்கயும் கடிக்காம நேரா கீழ எறங்குது. 162 ஓட்டை, ஒவ்வொண்ணும் கண்ணாடி மாதிரி ரீம் ஆயிருக்கு. எம்6க்கு ட்ரில் 5.0, அது தொழிலுக்கு வந்த முதல் வாரத்துலயே தெரியுற விஷயம், எனக்கும் தெரியும், ஆனா நான் டிராயிங்கைப் பார்க்கல, மாடலைத்தான் பார்த்தேன். முதலாளி தவுக்கே கஸ்டமர்கிட்ட பேசி, அந்த ஒன்பது பிளேட்டுக்கும் ஹெலிகாய்ல் (ஓட்டைக்குள்ள வைக்கிற கம்பி மரை) போட சம்மதம் வாங்குனாரு. அன்னைக்கு ராத்திரி பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்த பயணம் இன்னும் ஞாபகம் இருக்கு, சோறு எறங்கல.

இதுல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். எல்லா டிசைனரும் ஒரே மாதிரி மாடல் பண்ண மாட்டாங்க. எம்6 டேப் ஹோலை ஒருத்தர் 6.000ன்னு போடுவாரு, இன்னொருத்தர் ட்ரில் சைஸ் 5.0ன்னு போடுவாரு, ஒருசில சாப்ட்வேர் மரையோட உள் விட்டம் 4.917னு வைக்கும். 4.917ஐப் பார்த்தா உடனே சந்தேகம் வரும், அது நல்லது. 6.000தான் ஆளைக் கவுக்கும், ஏன்னா அது நிஜமாவே இருக்கக்கூடிய ஒரு அளவு. அந்த வேலைக்கு அப்புறம் எந்த மாடல் வந்தாலும் டிராயிங்கை பிரிண்ட் எடுத்து, டேப் ஹோலுக்கெல்லாம் சிவப்புல வட்டம் போட்டுட்டுத்தான் மவுசைத் தொடுறேன். ஓட்டைகளுக்கு நானே பாயிண்ட் போட்டு, டேப்புக்கு ஒரு லெவல் (தனி அடுக்கு), ரீமருக்கு ஒரு லெவல்னு பிரிச்சு வைக்கிறேன். அஞ்சு நிமிஷ வேலை.

டாலரன்ஸும் இதே கதைதான். மாடல் பெரும்பாலும் நாமினல் அளவுலதான், அதாவது டாலரன்ஸ் சேர்க்காத அளவுல, வரும். ஸ்லாட் 20, டாலரன்ஸ் +0.02ல இருந்து +0.05 வரைக்கும்னு டிராயிங் சொல்லும், மாடல்ல அது 20.000. அந்த எட்ஜை அப்படியே செயின் பண்ணி வெட்டினா ஸ்லாட் டாலரன்ஸுக்குள்ளயே வராது. நமக்கு வேண்டியது நடு அளவு, 20.035. ஆபரேட்டர் வேர் ஆஃப்செட்ல, அதாவது கட்டர் தேய்மானத்துக்குக் குடுக்கிற திருத்தத்துல, ஏத்தி எறக்கிக்குவாருன்னு சொல்லலாம், ஒரு சைஸ்னா சரி, ஆனா அதே எண்ட்மில் கட்டர் பக்கத்துல ±0.01ல இன்னொரு சுவரையும் வெட்டுதுன்னா? அப்ப ஸ்லாட்டுக்கு ஒரு டி நம்பர் (திருத்தத்தோட நம்பர்), சுவருக்கு ஒரு டி நம்பர்னு குடுக்கணும், இல்லன்னா ஒண்ணைச் சரி பண்ணப் போய் இன்னொண்ணு போயிடும். நான் பண்றது, அந்த ஸ்லாட்டுக்கு மட்டும் 20.035 அகலத்துல என் கோட்டைப் போட்டுடுவேன். அப்புறம் வேர் ஆஃப்செட் தேய்மானத்துக்கு மட்டும்தான், அதுக்குத்தானே அந்தப் பேரு.

அந்த அண்ணன் கட்சியும் முழுசா சரியில்ல. அவரு ஃபைல் ஒண்ணை நான் கையில எடுத்து ரிவிஷன் மாத்தினப்ப நடந்தது இது. பழைய பார்ட்டு, வெறும் வயர்ஃப்ரேம், மேலருந்து பார்க்கிற வியூ மட்டும். புது ரிவிஷன்ல பாக்கெட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன பாஸ் (மேலே நிக்கிற முளை) சேர்த்திருந்தாங்க, வட்டமா, 12 மில்லி விட்டம். நான் அதுக்கு ஒரு வட்டம் போட்டு, அதைச் சுத்தி வெட்ட புது காண்டூரும் (ஓரத்தைச் சுத்தி வெட்டுற டூல்பாத்) போட்டேன், ஆனா பக்கத்துல ஏற்கனவே இருந்த காண்டூரோட லீட்-அவுட் ஆர்க் (கட்டர் விலகி வெளிய போற வளைவு) அந்த பாஸ் மேலயே போகுதுன்னு கவனிக்கல. கோட்டுக்கு அது பாஸா பள்ளமான்னு தெரியாதே, டூல்பாத்துக்கும் தெரியல. ஸ்கிரீன்லயே வெட்டிப் பார்க்கிற வெரிஃபை ஓட்டினேன், ஆனா ஒப்பிட சாலிட் இல்லாததால என் கண்ணுதான் கண்டுபிடிக்கணும், கண்ணு விட்டுடுச்சு. பாஸ்ல நிலாப்பிறை மாதிரி ஒரு கடி. சாலிட் இருந்து ஸ்டாக்கோட கம்பேர் பண்ணியிருந்தா அந்த எடம் சிவப்பா காட்டியிருக்கும், அரை நிமிஷம்.

அதனால டிராயிங் மட்டும் வந்தாலும், கொஞ்சம் சிக்கலான பார்ட்டா இருந்தா நானே ஒரு சாலிட் பண்ணிக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்கவாவது. பார்ட்டோட வடிவத்துலயே வெட்டிப் பிடிக்கிற சாஃப்ட் ஜா வெட்டவும் அது வேணும், ஜா பிளாக்கை வரைஞ்சு அதுல இருந்து பார்ட்டைக் கழிச்சா ஜா தயார், அதை வயர்ஃப்ரேம்ல பண்றது வீண் பாடு. மோல்டு வேலைக்கு, கோரு கேவிட்டிக்கு, வளைஞ்ச முகம் இருக்கிற எதுக்கும் சாலிட் முகத்து மேலதான் டூல்பாத், அதுல பேச்சே இல்ல. ரூல்டு, ஸ்வெப்ட், கூன்ஸ்னு கோட்டுல இருந்தே வளைவு வெட்டுற பழைய டூல்பாத்தெல்லாம் இருக்கு, அண்ணன் அதுல கில்லாடி, சில எடத்துல அதோட கோடு இன்னைக்கும் சுத்தமா வரும், ஆனா பக்கத்து முகத்தைக் கடிக்குமான்னு அது பார்க்காது.

இப்ப தம்பியோட கேள்விக்கு வரேன், ஏன் சாலிட் இருந்தும் வரையுறேன்.

சாலிட் சொல்றது எல்லாம் வெட்டி முடிச்சப்புறம் என்ன மிஞ்சி நிக்கும்னு. நான் எழுத வேண்டியது எதை எடுக்கணும், எந்தப் பக்கமிருந்து நுழையணும், எந்த வரிசைல எடுக்கணும்னு. ரெண்டும் வேற. ஒரு பக்கம் திறந்த பாக்கெட்டை எடுத்துக்குங்க. சாலிட்டோட எட்ஜ் பிளேட் ஓரத்துல டக்குனு முடிஞ்சிடும், ஏன்னா பார்ட் அங்க முடியுது. ஆனா கட்டர் அங்க நிக்கக் கூடாது, வெளிய காத்துல இருந்து உள்ள வரணும், வேலை முடிஞ்சு காத்துக்குப் போகணும். 16 மில்லி கட்டர்னா பாதி 8, மேல ஒண்ணோ ரெண்டோ சேர்த்து 9, 10 மில்லி வெளிய நீட்டணும். அந்த நீட்டின கோடு பார்ட்டுல எங்கயும் இல்ல. அதே மாதிரி மெல்லிசான சுவர் ஆடாம இருக்க முதல்ல எதை விட்டு வைக்கிறோம், தாங்குறதுக்கு எங்க வெட்டாத சின்னத் துண்டு விடுறோம், கிளாம்ப் நிக்கிற எடத்தை எப்படிச் சுத்திப் போறோம், இதுக்கெல்லாம் மாடல்ல கோடு கிடையாது. கஸ்டமருக்கு அது தேவையும் இல்ல. அது என் தலைக்குள்ள மட்டும் இருக்கு, வயர்ஃப்ரேம்ல வரைஞ்சாத்தான் வெளிய வரும்.

சாப்ட்வேர்லயே இதெல்லாம் நம்பரா போடலாமேன்னு சொல்லுவாங்க, எக்ஸ்டெண்ட் பண்ணலாம், ஓவர்லேப் குடுக்கலாம், நெகடிவ் ஸ்டாக் விடலாம். உண்மைதான், நானும் சில நேரம் அப்படிப் பண்றேன். ஆனா அந்த நம்பர் ஒரு டயலாக் பாக்ஸுக்குள்ள, மூணாவது பக்கத்துல ஒளிஞ்சு கிடக்கும். ஆறு மாசம் கழிச்சு நைட் ஷிஃப்ட்ல வேற ஒருத்தர் அந்த ஃபைலைத் திறக்கும்போது ஏன் இது இங்க 10 மில்லி வெளிய போகுதுன்னு தேடிக்கிட்டு இருப்பாரு. கோடா இருந்தா கண்ணு முன்னாடி நிக்கும், லெவலுக்கு "ஓப் 2 எண்ட்ரி"ன்னு பேர் வச்சிருந்தா அதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

இன்னொரு காரணமும் இருக்கு, இதை அனுபவிச்சவங்களுக்குப் புரியும். வெளிய இருந்து வர்ற ஃபைல்ல ஆர்க்கு ஆர்க்காவே வரும்னு நிச்சயம் இல்ல. 1980ல வந்த ஐஜெஸ் ஃபார்மேட்ல இந்தத் தொல்லை அதிகம், முகத்துக்கு முகம் நடுவுல இடுக்கு, வட்டம் ஸ்ப்லைனா (ஒரே ரேடியஸ் இல்லாத நெளிகோடு) மாறியிருக்கும். 1994ல ஐஎஸ்ஓ 10303ன்னு வந்த ஸ்டெப் எவ்வளவோ பரவாயில்ல, இருந்தாலும் அனுப்புற ஆளு எப்படி சேவ் பண்ணாருன்னு ஒண்ணு இருக்கே. ஸ்ப்லைன் எட்ஜை செயின் பண்ணா போஸ்ட்ல குட்டிக் குட்டி ஜி1 வரிசையா வரும், அதுக்கு மேல ஜி41 (கட்டர் ரேடியஸ் அளவு தள்ளிப் போன்னு சொல்றது) போட்டா, ஒவ்வொரு துண்டும் கட்டர் ரேடியஸை விடச் சின்னதுங்கிறதால சில எடத்துல ஃபானுக் 41ஆம் நம்பர் அலாரம் அடிச்சு நின்னுடும், இன்டர்ஃபியரன்ஸ்னு. ஆபரேட்டர் மிஷினைத் திட்டுவாரு, மிஷின் மேல தப்பில்ல. அந்த எட்ஜ் மேல நானே மூணு புள்ளி வச்சு ஒரு ஆர்க் போட்டு, ரேடியஸைப் பார்த்து டிராயிங்கோட ஒத்துப் பார்த்துட்டா, நாப்பது வரி ஒரே ஜி3 வளைவு ஆயிடும். கோடும் சுத்தம், வெட்டின முகமும் சுத்தம், கை வச்சுத் தடவினா படி தெரியாது.

மாடல் மாறினா டூல்பாத் தானா மாறிடும்னு சாலிட் கட்சிக்காரங்க சொல்ற பெருமை ஒண்ணு இருக்கு. டிசைனும் ப்ரோக்ராமும் ஒரே சாப்ட்வேர்ல நடக்கிற கம்பெனிக்கு அது ரொம்பப் பெரிய வரம். எங்கள மாதிரி ஜாப் ஷாப்புக்கு வர்றது ஸ்டெப் ஃபைல், அதுல எப்படி வரைஞ்சாங்கங்கிற ஹிஸ்டரி இல்ல. ரிவிஷன் பி வந்தா அது முழுசா வேற சாலிட், பழைய எட்ஜோட இருந்த பிடிப்பு பெரும்பாலும் போயிடும், ஒவ்வொரு ஆபரேஷனா திரும்ப செயின் பண்ணணும். என் கோடுங்க அப்படியே இருக்கும், புது சாலிட்டை அதே ஜீரோல பழசு மேல வச்சு, எங்க வித்தியாசம் தெரியுதோ அந்தக் கோட்டை மட்டும் நகர்த்தினா போதும். போன தீபாவளிக்கு முந்தின வாரம் இப்படி ஒரு ரிவிஷன் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துச்சு, ரெண்டு கோடு, ஒரு ஓட்டை, ஆறு மணிக்கெல்லாம் மிஷின் ஓடுச்சு.

லேத்து வேலைக்கு அரை ப்ரொஃபைல் வரைஞ்சா போதும், அதுக்கு சாலிட் தேடி அலைய வேண்டாம். நிபோங் திபால் பக்கம் செம்பனை ஆலைல இருந்து உடைஞ்ச ஷாஃப்டோட ஆள் வந்து நிப்பாங்க, ஆலை நின்னு கிடக்கும், வெர்னியர்ல அளந்து, பத்து நிமிஷத்துல கோடு போட்டு, கட்டையை மாட்டி ஓட்டிடணும். டிஎக்ஸ்எஃப் (கோட்டு வரைபட ஃபைல்) வந்தா மட்டும் முதல்ல ஒரு அளவைத் தொட்டுப் பாருங்க, இஞ்சா மில்லியான்னு. 25.4 மடங்கு தப்பு கண்ணுக்குத் தெரிஞ்சிடும்னு நினைப்போம், ஸ்கிரீன்ல எல்லாமே ஃபிட் ஆகித்தான் தெரியும்.

அந்தத் தம்பிக்கு வெள்ளிக்கிழமை ஒரு பிளேட்டைக் குடுத்தேன். சாலிட்டும் டிராயிங்கும் ரெண்டும் இருந்துச்சு. நான் எதுவும் சொல்லல, கோப்பி வாங்கிட்டு வரேன்னு போயிட்டேன். திரும்பி வந்தப்ப டிராயிங்ல டேப் ஹோலுக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். ஸ்கிரீன்ல சாலிட் மங்கலா பின்னாடி இருக்கு, திறந்த பக்கத்துல ரெண்டு கோடு பார்ட்டைத் தாண்டி வெளிய நீண்டிருக்கு. அளந்து பார்த்தேன், 7 மில்லி.

"ஏன்யா 7?"

"கட்டர் 12ண்ணே. பாதி 6, அதுக்கு மேல ஒண்ணு."

கோப்பியை அவன் பக்கம் நகர்த்திட்டு, போஸ்ட் பண்ணச் சொன்னேன்.